எலுமிச்சைக் கொப்புளமா, அந்த நோயா? எங்கே போய்ச் சோதிப்பது?

2021 ஜூலை முதல் வாரம். மலேசியாவில் கோவிட் முழு முடக்கம் தொடங்கி ஒரு மாதம் ஓடியிருந்தது. இரவு பத்தரை மணிக்கு என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு தொடை. அதன் மேல்புறத்தில் தண்ணீர் வழிந்த தடம் மாதிரி மூன்று சிவந்த கோடுகள். ஒரு கோட்டின் முனையில் உளுந்து அளவில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள். கீழே ஒரே வரி: "அண்ணே, இது அந்த நோயா?" பாலுறவில் தொற்றும் நோயைத்தான் கேட்கிறான்.

அனுப்பியவன் எனக்குச் சொந்தம் இல்லை. தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவன். எல்லாரும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த பிறகும் அந்த அண்ணன் தம்பி உறவு விட்டுப்போகவில்லை. நான் அப்போது ஈப்போவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். டாக்டர் இல்லை. ஆனாலும் சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் கிளினிக்குக்குப் போவதற்கு முன் என்னைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும் சொல்லத் தவறியதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். அதே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அவனிடம் இரண்டு விஷயம் கேட்டேன். கடைசியாக யாரோடு, எப்போது இருந்தாய்? இந்த இரண்டு மூன்று நாளில் வெயிலில் என்ன செய்தாய்? முதல் கேள்விக்குப் பதில் வரப் பத்து நிமிடம் ஆனது. மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, காண்டம் போடவில்லை என்றான். எண்ணிப் பார்த்தால் 38 நாள். இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊறுகாய் போடச் சொன்னதால், அரைக்கால் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து மூன்று கிலோ எலுமிச்சையை வெட்டிப் பிழிந்தானாம். காலை பத்து மணியிலிருந்து உச்சி வெயில் வரை. சாறு கையில் வழிந்து தொடையில் சொட்டியிருக்கிறது. துடைத்தானே தவிரக் கழுவவில்லை.

சரி, முதலில் கொப்புளத்தைப் பார்ப்போம். இப்படி வந்தால் மூன்று விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் புண், சாறு போன வழியிலேயே போகும். கோடாக இருக்கும், சொட்டாக இருக்கும், சில நேரம் ஈரக் கை பட்ட இடத்தில் விரல் தடமாகவே இருக்கும். வெயில் பட்ட மறுநாள் எரிச்சலோடு சிவக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம். அப்புறம் அந்த இடம் காப்பி நிறத்தில் கறுத்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இது அலர்ஜி இல்லை. அலர்ஜி சிலருக்கு மட்டும்தான் வரும். இது சாறும் வெயிலும் போதுமான அளவு பட்டால் யாருக்கும் வரும்.

பாலுறவில் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸின் கொப்புளம் கோடு போடாது. சின்னச் சின்னதாக, ஒரே இடத்தில் கொத்தாக, சிவந்த தோலின் மேல் வரும். தொற்று ஏற்பட்டு 2 முதல் 12 நாளுக்குள் முதல் தடவை தலைகாட்டுவதுதான் வழக்கம். உடைந்து புண்ணாகி வலிக்கும். முதல் தடவையில் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுவது எல்லாம் கூடவே வரலாம். ஆறிய பிறகு பெரும்பாலும் அதே பக்கத்தில் திரும்பவும் வரும்.

சிபிலிஸ் என்ற பாலுறவு நோய் வேறு மாதிரி. பெரும்பாலும் ஒரே ஒரு புண், விளிம்பு தடித்து, வலியே இல்லாமல். சராசரியாக 21 நாளில் வரும். 10 நாளிலும் வரலாம், 90 நாளிலும் வரலாம். இதில் மோசமான விஷயம், மருந்து போடாமலே சில வாரத்தில் அந்தப் புண் ஆறிவிடும். ஆள் நிம்மதி அடைந்துவிடுவார். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்.

இந்த மூன்றையும் பிரிக்க எனக்குத் தெரிந்து எளிதான கேள்வி ஒன்று உண்டு: அந்த இடத்தில் வெயில் பட்டதா? உள்ளாடை மறைத்த இடத்தில் எலுமிச்சைக் கொப்புளம் வராது. வந்திருந்தால் அதற்கு எலுமிச்சையைக் காரணம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. தம்பியின் கோடுகள் அரைக்கால் சட்டையின் விளிம்பில் கத்தரித்த மாதிரி நின்றிருந்தன. எலுமிச்சைதான் என்று எனக்கு ஏறக்குறைய உறுதியானது.

எலுமிச்சை எப்படிச் சுடும் என்று அவன் நம்பவில்லை. நாம் பிறந்ததிலிருந்து திருஷ்டி கழிக்கவும், தலைக்குத் தேய்த்துக் குளிக்கவும், மீன் கழுவவும் வைத்திருக்கும் பழம்தானே. ஆனால் அதன் சாற்றிலும், அதைவிட அதிகமாகத் தோலிலும், ஃபியூரோகூமரின் என்ற வகை வேதிப்பொருள்கள் இருக்கின்றன. சோராலென், பெர்காப்டென் எல்லாம் அந்தக் குடும்பம். இருட்டில் இவை சாது. தோல் செல்லுக்குள் புகுந்து, மரபணு இழையின் படிகளுக்கு நடுவே போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் இருக்கும் யூவிஏ என்ற புற ஊதாக் கதிர் பட்டதும்தான் வேலை தொடங்கும். சோராலென் இரண்டு பக்க இழைகளையும் பிடித்து ஒன்றோடு ஒன்று பிணைத்துவிடும். செல் தன்னைப் பிரதி எடுக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு இழைகளும் ஜிப் திறப்பது போல் பிரிய வேண்டும். பல்லுக்கு நடுவே ஈயத்தை உருக்கி ஊற்றிய ஜிப் எப்படித் திறக்கும்? செல் செத்துப்போகும். அது போதாதென்று, அதே வெளிச்சத்தில் ஆக்சிஜனும் கிளர்ந்து செல்லின் சவ்வைக் கெடுக்கும். மேலே நாம் பார்க்கும் கொப்புளம், உள்ளே இப்படிச் செத்த செல்களின் கணக்கு. வியர்வையும் ஈரமும் இருந்தால் சாறு இன்னும் நன்றாக உள்ளே இறங்கும். நம் ஊர் வெயிலில் வியர்க்காமல் யார் உட்கார முடியும்?

இதே தன்மையை மருந்தாக்கியும் இருக்கிறார்கள். 1974இல் சோராலென் மாத்திரையைக் கொடுத்து, அளந்த யூவிஏ ஒளியைக் காட்டி, சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு வைத்தியம் செய்யும் முறையை அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் நாட்டு மருந்தில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசி இருந்தது. அந்த விதையில் இருப்பதும் சோராலென்தான். இன்றைக்கு ரத்த வங்கிகளிலும் அமோட்டோசாலென் என்ற செயற்கைச் சோராலெனைத் தானமாக வந்த ரத்தத் தட்டணுக்களில் கலந்து யூவிஏ காட்டி, அதில் ஒளிந்திருக்கக்கூடிய வைரஸ், பாக்டீரியாக்களை முடக்கும் முறை இருக்கிறது. தட்டணுவுக்கு மரபணு வைத்திருக்கும் உட்கரு இல்லை என்பதால் அது பிழைத்துக்கொள்ளும், கிருமி பிழைக்காது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தம்பியின் தொடையைச் சுட்டதும் ரத்த வங்கிப் பையில் இருக்கும் தட்டணுக்களைச் சுத்தம் செய்வதும் ஒரே குடும்பத்து வேதிப்பொருள். ஆனால் அங்கே அளவு பார்த்துச் செய்கிறார்கள். கார்போகரிசி எண்ணெயை வாங்கித் தானே பூசிக்கொண்டு வெயிலில் நிற்பவர்கள் கொப்புளத்தோடுதான் திரும்புவார்கள். கறுத்த இடம் வெளுக்கட்டும் என்று மறுபடியும் எலுமிச்சையைத் தேய்ப்பவர்களுக்கும் அதே கதிதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கொப்புளத்தை உடைக்காமல், குளிர்ந்த துணி போட்டு, வெயில் படாமல் மூடி வை என்றேன். பெரிதானாலோ சீழ் வைத்தாலோ கிளினிக்.

அதோடு அவன் தூங்கப் போயிருக்கலாம். போகட்டும் என்று எனக்கு விட மனம் வரவில்லை. கொப்புளம் எலுமிச்சையாக இருந்தால் அந்த மே மாத ராத்திரி இல்லாமல் போய்விடுமா? அதற்குத் தனியாகச் சோதனை வேண்டும். எங்கே செய்வது என்பதுதான் அடுத்த பேச்சு. அவன் மனதில் ஐந்து வழி இருந்தது. ஒவ்வொன்றாக அலசினோம்.

எம்சிஓ என்ற நடமாட்டக் கட்டுப்பாடு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது முதல் வழி. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. கிளமிடியா என்ற பாலுறவுத் தொற்று நிறையப் பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு அறிகுறியும் காட்டாமல் இருக்கும். விட்டுவைத்தால் கருக்குழாயைக் கெடுத்துக் குழந்தைப் பேற்றையே பாதிக்கலாம். அவனோடு இருந்த பெண்ணைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா? இந்த வழியை உடனே தள்ளினோம்.

இரண்டாவது, யாரிடமாவது மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கை வாங்கிப் போட்டுக்கொள்வது. இதற்கு நான் கோபப்பட்டேன். எந்த நோய், எந்த மருந்து, எத்தனை நாள் என்று தெரியாமல் விழுங்கினால் அறிகுறி மட்டும் அடங்கும், நோய் இருக்கும், அடுத்து சோதனை செய்தாலும் குழப்பும். கொனோரியா என்ற பாலுறவு நோய், ஏற்கெனவே பல மருந்துகளுக்குப் பழகிப்போன கிருமியால் வருவது.

மூன்றாவது, இணையத்தில் வாங்கும் எச்ஐவி சுயசோதனைப் பெட்டி. இது மோசமில்லை. ஈறை ஒரு குச்சியால் வழித்துத் திரவத்தில் வைத்தால் 20 நிமிடத்தில் கோடு தெரியும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், சாலைத் தடுப்பில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். முடக்க காலத்தில் வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இரண்டு குறை. ஒன்று, எச்ஐவியைத் தவிர வேறு எதையும் இது சொல்லாது. இரண்டு, வாய்நீர்ச் சோதனை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிரணுவைத்தான் தேடும். அது உடம்பில் உருவாக 90 நாள் வரை ஆகலாம். 38ஆம் நாளில் ஒற்றைக் கோடு வந்தால் அவன் குதித்துக் கும்மாளம் போட்டிருப்பான், ஆனால் அதை நம்பியிருக்கக் கூடாது. கோடு இரண்டு வந்தாலும் அது முடிவில்லை, கிளினிக்கில் உறுதி செய்தாக வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் சோதனைப் பெட்டியைத் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. எச்ஐவி பிடிக்காமல் தடுக்கும் 28 நாள் மாத்திரை உண்டு. பெரிய மருத்துவமனைக்கு உடனே போன் போட்டுக் கேட்க வேண்டும்.

மிச்சம் இருந்தது அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானும் தனியார் கிளினிக்கும். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் நடுவில்தான்.

தம்பி தனியாரைத்தான் கேட்டான். காரணம் காசு இல்லை, முகம். கிளினிக் கெசிஹாத்தானில் யாராவது தெரிந்தவர் இருப்பார், மறுநாள் அம்மா காதுக்குப் போய்விடும் என்ற பயம். சின்ன ஊரில் இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரஸ்ஸர் காலத்திலிருந்தே நம் ஆட்களுக்கு இருக்கும் பயம் இது. மருந்து வாங்கப் போனவன் என்ன மருந்து வாங்கினான் என்பது அவன் வீடு திரும்புவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆனால் தனியாரில் செய்தால் பதிவே இருக்காது என்று அவன் நினைத்தது தப்பு. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி எச்ஐவி, சிபிலிஸ், கொனோரியா எல்லாம் அரசாங்க டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். அந்த நேரத்தில் நம்மையெல்லாம் வீட்டில் உட்கார வைத்ததும் இதே 342ஆவது சட்டம்தான். தெரிவிப்பது துறைக்கு, அம்மாவுக்கு இல்லை என்று விளக்கினேன்.

செலவில் ஒப்பீடே கிடையாது. கிளினிக் கெசிஹாத்தானில் குடிமகனுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). எச்ஐவி சோதனை இலவசம், பெயர் சொல்லாமல் செய்துகொள்ளவும் வழி உண்டு. தனியாரில் எல்லாச் சோதனையும் சேர்த்துப் பார்த்தால் சில நூறு வெள்ளி போய்விடும். முடக்கத்தில் பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

தனியார் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. கிளமிடியாவையும் கொனோரியாவையும் சிறுநீரிலிருந்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையில் கண்டுபிடிக்கும் சோதனை, அறிகுறி இல்லாதவனுக்கும் பதில் சொல்லும். சின்ன அரசுக் கிளினிக்குகளில் பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்து, அடிப்படைச் சோதனை செய்து, அன்றைக்கே இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பதுதான் முறை. இதைக் குறையாக நான் பார்க்கவில்லை; திரும்பி வராத நோயாளிக்கு அதுதான் சரியான வைத்தியம். அறிகுறியே இல்லாமல் சந்தேகம் மட்டும் இருப்பவனுக்குத்தான் பிசிஆர் தேவை. ஆனால் 2020, 2021இல் அந்தப் பிசிஆர் எந்திரங்களுக்கு வேறு வேலை வந்திருந்தது. கோவிட் பார்க்கும் குச்சியும் எந்திரமும் வேதிப்பொருளும் இதற்கும் வேண்டும். அமெரிக்காவிலேயே 2020இல் கிளமிடியா, கொனோரியா சோதனைப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு வந்து, யாருக்கு முதலில் சோதிப்பது என்று வரிசை போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் வேலை செய்த இடத்தில் பெட்டி பெட்டியாகக் கோவிட் மாதிரிகள் வந்து நிற்கும், மற்றது எல்லாம் பின்னால் போகும். வேகமான பதிலுக்காகக் காசு கொடுக்கிறோம் என்ற கணக்கு அப்போது பலிக்கவில்லை.

இன்னொன்று தூரம். எம்சிஓவில் 10 கிலோமீட்டர் எல்லை. ஈப்போ அதற்கு வெளியே. மருத்துவக் காரணத்துக்குப் போகலாம்தான், ஆனால் சாலைத் தடுப்பில் என்ன காரணம் என்று கேட்பார்கள். மோட்டாரை நிறுத்தி, பின்னால் பத்து வண்டி நிற்க, போலீஸ்காரரிடம் அதைச் சொல்ல அவனால் முடியுமா? முடியாது என்றான்.

கடைசியில் நான் கிளினிக் கெசிஹாத்தான் பக்கம் நின்றேன். ரத்தச் சோதனை அங்கே அன்றாட வேலை. கர்ப்பமான அக்கா தங்கைகள் எல்லாருக்கும் எச்ஐவியும் சிபிலிஸும் அங்கேதான் பார்க்கிறார்கள். அதை விடாமல் பார்த்ததால்தான், தாயிடமிருந்து குழந்தைக்கு இந்த இரண்டும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான். இந்தச் சோதனைக்கு வரும் ஆளை அங்கே இருப்பவர்கள் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள்.

முகத்துக்கு ஒரு வழி சொன்னேன். அப்போது வாசலிலேயே கூடாரம் போட்டு, வெப்பம் பார்த்து, மைசெஜாத்ரா என்ற கோவிட் செயலியைக் காட்டச் சொல்லி, பிளாஸ்டிக் திரைக்குப் பின்னாலிருந்து கேட்பார்கள். முகக்கவரியும் திரையும் சேர்ந்தால் கத்தித்தான் பேச வேண்டும். "கத்தாதே. ஒரு துண்டுத் தாளில் எழுதி, மைகாட் அடையாள அட்டையோடு சேர்த்து நீட்டு." அவன் மலாயில் இரண்டே வரி எழுதினான்: எச்ஐவி, சிபிலிஸ் சோதனை வேண்டும், டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும். தாளை வாங்கிய மிஸ்ஸி (நர்ஸ்) ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே காட்டினாராம்.

தனியாரில் சிறுநீர் கொடுக்கப் போகிறவர்களுக்குத் தொழில் தெரிந்தவனாக ஒரு வார்த்தை. இனிப்பு நீருக்குச் சோதித்துப் பழகியதால் நம் ஆட்கள் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிப்பார்கள். கிளமிடியாவுக்கு நேர் எதிர். முதலில் வரும் சிறுநீர்தான் வேண்டும், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்திருக்க வேண்டும். தொண்டை வழியோ ஆசனவாய் வழியோ உறவு இருந்திருந்தால் சிறுநீர் மட்டும் போதாது, அந்த இடத்திலேயே குச்சி வைத்து எடுக்க வேண்டும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சோதனை சுத்தமாக வரும், நோய் தொண்டையில் இருக்கும்.

டாக்டரிடம் உட்கார்ந்த பிறகுதான், என்னிடம் சொல்லாத ஒன்றை அவன் சொல்லியிருக்கிறான். இரண்டு வாரமாகச் சிறுநீர் போகும்போது லேசான எரிச்சல். கொப்புளத்தின் பயத்தில் அதைப் பெரிதாக நினைக்கவில்லையாம். டாக்டர் தொடையைப் பார்த்து எலுமிச்சையா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, எரிச்சலுக்கு ஒரு ஊசியும் ஏழு நாளைக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். எச்ஐவியும் சிபிலிஸும் இல்லை என்று வந்தது. 90 நாளானதும் இன்னொரு தடவை வந்து பார்க்கச் சொன்னார். அந்தப் பெண்ணையும் சோதிக்க வரச் சொல்லுங்கள் என்றார். அன்று ராத்திரியே அவளுக்கு எழுதினான். அவன் அந்த மாதத்தில் செய்த கஷ்டமான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் தவறியது இங்கேதான். டாக்சிசைக்ளின் போடுகிறவர்களின் தோலும் வெயிலுக்குச் சுலபமாகச் சுட்டுக்கொள்ளும். எலுமிச்சை மாதிரி சாறு வழிந்த இடத்தில் மட்டும் இல்லை, வெயில் பட்ட இடமெல்லாம். அவன் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரியில் வேலை. மாத்திரை என்ன என்று கேட்டவன், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாலாம் நாள் மூக்கும் காது நுனியும் புறங்கையும் வெந்த மாதிரி சிவந்து, "அண்ணே, நோய் திரும்ப வந்துடுச்சா?" என்று மறுபடியும் படம் அனுப்பினான். மாத்திரையை நிறுத்தாதே, டாக்டருக்குப் போன் போடு, முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடு என்றேன். அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை எனக்கு.

ஆகஸ்ட் கடைசியில் அவனே போய் இரண்டாவது ரத்தம் கொடுத்தான். இரண்டும் இல்லை. வாசலில் நின்று அந்தத் தாளை என்னிடம் காட்டியபோது அரைக்கால் சட்டைதான் போட்டிருந்தான். தொடையில் மூன்று கோடும் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. உள்ளே அவன் அம்மா அடுத்த ஊறுகாய்க்கு எலுமிச்சை கழுவிக்கொண்டிருந்தார். பிழியும் வேலையை இந்தத் தடவை அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தானாம்.